அழியாத பாதிப் பொட்டு

28 செப்டம்பர் 2025, ஞாயிறு

தவறு: பலகைகளின் எண்களை முன்பக்கத்தில் மார்க்கரால் எழுதியது.

இன்று எங்கள் ஃபைபர் படகு ஷெட்டின் கூரையில் ஏறிப் பார்த்தபோது நான்கு சோதனைப் பலகைகளில் ஒன்றில்கூட எண் இல்லை. பேனாவின் மேல் ‘பர்மனன்ட்’ என்று அச்சிட்டிருந்ததை நம்பிவிட்டேன். வெயிலில் எது எத்தனை நாள் நிற்கும் என்று சோதிக்கப் போனவள், வெயிலில் நிற்காத மையால் எழுதி வைத்திருக்கிறேன்.

தவறை முதலில் எழுதச் சொன்னவர் மாலை வகுப்பு நோயல் சார். எல்லாம் சரியாக முடிந்தபிறகு எழுதினால் தவறு தானாகவே சின்னதாகிவிடும் என்பார். அதனால் இந்த நோட்டில் ஒவ்வொரு நாளும் தவறில்தான் தொடங்குகிறது. சில நாட்கள் தவறோடு முடிந்தும் விடுகின்றன.

நல்லவேளை, வரிசை என்னிடம் இருக்கிறது. கிழக்கிலிருந்து முதலாவது, எங்கள் ஷெட்டின் பழைய முறை: சாதாரணப் பிசினிலேயே வெள்ளைச் சாயம் கலந்து அடித்தது, மேலே வேறு தோல் கிடையாது. இரண்டாவது, சாதாரண ஜெல்கோட். மூன்றாவது, வெயில் தாங்கும் ஜெல்கோட். நான்காவது, எபாக்ஸி பிசின், அதன் மேல் தெளிவான பாலியூரிதேன் வார்னிஷ். ஜெல்கோட் என்பது அச்சில் முதலில் அடிக்கிற தடித்த பூச்சு. படகு அச்சைவிட்டு வெளியே வரும்போது அதுதான் படகின் தோல். ஒவ்வொரு பலகையிலும் இடது பாதியை அலுமினியத் தாளால் மூடியிருந்தேன். போன நவம்பரிலிருந்து பதினோரு மாத வெயில் வலது பாதிக்கு மட்டும்தான்.

இவ்வளவும் எதற்கு என்றால், போன வருடக் கோடையில் என் போனுக்கு ஒரு படம் வந்தது. நாங்கள் செய்து கொடுத்த மிதிபடகுகள் மூன்று வருடமாக ஓர் ஏரியில் ஓடுகின்றன. அதில் உட்கார்ந்த ஒரு பெண்ணின் முழங்கை முழுக்கச் சிவந்த தடிப்பு. இருக்கையின் மேல்தோல் மாவாகி உதிர்ந்து, உள்ளே இருந்த கண்ணாடி இழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இருக்கைகளில் இழையும் பிசினும் படிய ரோலர் ஓட்டியவள் நான்.

இப்போது அதே ஏரிக்கு இன்னும் பன்னிரண்டு படகுகள். அக்டோபர் 6, திங்கள் காலை அச்சில் ஊற்றத் தொடங்குகிறோம். மனோகர் அண்ணா பழைய முறையிலேயே ஊற்றச் சொல்கிறார். அவர்தான் ஓனர்.

பலகைகளின் பின்புறத்தில் ஆணியால் எண் கீற வேண்டும். நாளை.

29 செப்டம்பர், திங்கள்

தவறு: எண் கீறவில்லை. மதியம்வரை தண்ணீர்த் தொட்டி மூடிகள் வேலை, அதன்பிறகு மனோகர் அண்ணாவோடு வாக்குவாதம், அதற்குள் வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

வாக்குவாதம் மாவைப் பற்றி. முதல் பலகையின் வலது பாதியில் கறுப்புத் துணியை வைத்து அழுத்தித் தேய்த்தேன். துணியில் வெள்ளையாக ஒட்டியது. ஏணியில் இறங்கி அவரிடம் காட்டினேன்.

“இன்னாது இது?”

“பிசின் மாவுணா. வெயில்ல மேல்தோல் செத்து உதிருது.”

“செத்துப்போச்சா?” அவர் துணியை வாங்கி மறுபக்கம் திருப்பி, தன் பைக் சீட்டில் ஓர் இழு இழுத்தார். அதே வெள்ளை. “தோ, என் சீட்டும் செத்துப்போச்சு. பால் ஊத்திடலாமா? சயனைட் மேட்டு மண்ணும்மா இது. காத்தடிச்சா என் சோத்துலகூட கீது.”

ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அதைவிட எரிச்சல், அவர் சொன்னது தவறு என்று என்னால் நிரூபிக்க முடியாதது. பாலகாட் பக்கம் ஷெட் வைத்துக்கொண்டு, தங்கச் சுரங்கம் சயனைட் கலந்து அரைத்துக் கொட்டிய மண்மேட்டுக்கு எதிரே பதினோரு மாதம் பலகையை வைத்துவிட்டு, கழுவாமல் துணி போட்டது யார்? நான். மூடிய பாதியில் தாள் மட்டும்தான் தூசி வாங்கியது. திறந்த பாதியில் மண்ணும் மாவும் கலந்துதான் இருந்திருக்கும்.

“கழுவிட்டு மறுபடி தேய்ச்சுக் காட்டறேண்ணா.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டு. என் கண்ணுக்குத் தெரியணும். உன் கண்ணுக்குத் தெரிஞ்சா போதாது. இல்லன்னா திங்கக்கெழமை பழைய பிசின்தான். இன்னா மூஞ்சி அது, சுரங்கத்துக் கேஜ்ல எறங்கப் போறவ மாதிரி?”

30 செப்டம்பர், செவ்வாய்

தவறு: இன்றும் கீறவில்லை. நாளை ஆயுதபூஜை என்பதால் ஷெட் முழுக்கத் துப்புரவு. நான் நான்கு மணிக்கே வகுப்பு டெஸ்டுக்குக் கிளம்பிவிட்டேன். டெஸ்டில் சூரிய ஒளி பிசினின் சங்கிலிகளை எப்படி அறுக்கிறது என்று கேட்டிருந்தார்கள். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எழுதுவதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை.

1 அக்டோபர், புதன்

தவறு: எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

காலையில் போனபோது நான்கு பலகைகளும் கூரையில் இல்லை. பூஜை மேடைக்கு முன்னால், டிரில்லிங் மெஷினுக்கும் ரோலர்களுக்கும் நடுவில், சுவரில் சாய்த்து வரிசையாக நின்றன. பளபளவென்று. ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சள், அதன் மேல் குங்குமம்.

பார்வதம்மா அக்கா எங்கள் ஷெட்டில் தேய்ப்பு வேலை செய்பவர். உப்புத்தாளை அவர் கையில் கொடுத்தால் எதையும் கண்ணாடியாக்கிவிடுவார்.

“அக்கா, இத்த யாரு எறக்கினது?”

“நான்தான். மேல ஒரே தூசிமே. நாலையும் சபீனா பொடி போட்டு நல்லா தேச்சேன். அப்புறம் படகுக்குப் போடற பாலிஷ் போட்டேன். எப்டி கீது பாரு!”

“மேல ஒட்டியிருந்த தாளு?”

“பிச்சிப்போட்டேன். பூஜ அன்னிக்கு மூடி வெச்சிகினு நின்னா சாமி இன்னாத்த பாக்கும்?”

“எந்த வரிசையில இருந்திச்சின்னு ஞாபகம் கீதாக்கா?”

“பலகைக்கு இன்னாடி வரிச? பள்ளிக்கூடத்துல ப்ரேயரா நிக்குது?”

அவரைக் கோபிக்கவும் முடியவில்லை. இங்கே பூஜைக்கு முதல்நாள் கைபட்ட பொருள் எல்லாம் கழுவப்படும், எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கப்படும். ஸ்பானர், தராசு, சைக்கிள், குழந்தையின் ஜியோமெட்ரி பாக்ஸ் எதுவும் தப்பாது. ஐந்து வயதிலிருந்து பார்க்கிறேன். பலகைக்கும் அதுதான் நடக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பூஜை தேதி காலண்டரில் போட்டிருக்கிறது.

இதற்குமேல் ஒன்று இருந்தது. மாவான மேல்தோலைத் தேய்த்து எடுத்துப் பாலிஷ் போட்டால், கெட்ட பலகையும் சில வாரங்களுக்குப் புதிதுபோல் மின்னும். அப்படித்தான் மின்னின. நான்கும் ஒரே மாதிரி. பக்கவாட்டில் குனிந்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து எல்லாம் பார்த்தேன். இடது பாதி எது, வலது பாதி எது என்பதுகூடத் தெரியவில்லை.

மனோகர் அண்ணா பூசணிக்காய் உடைத்துவிட்டு வந்தார். பலகைகள் முன்னால் நின்று மீசையைத் தடவினார்.

“இதுல நம்ம பழைய பிசின் எது?”

நான் மறுபடியும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன்.

“சொல்லும்மா, டாக்டர் பாக்யலட்சுமி.”

“தெரியலணா.”

“உனக்கே தெரியல! கழுவினா எல்லாம் ஒண்ணு. நான் இன்னா சொன்னேன்? மண்ணு!” பிறகு பொரியை ஒரு கை அள்ளி என்னிடம் நீட்டினார். “சாப்புடு. திங்கக்கெழமை பழைய டிரம்மைத் தொற. ஆயித்து.”

பொரியை வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது.

2 அக்டோபர், வியாழன்

ஷெட் விடுமுறை. தவறு: நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல், செய்த தவறுகளையே திரும்பத் திரும்பப் படித்தது. ஒரே உபயோகம்: பலகை எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி தோன்றியது. ஓரத்தைத் தேய்த்தால் வெட்டுமுகம் தெரியும். ஜெல்கோட் இருந்தால் தனிப் பட்டையாகத் தெரியும். பழைய முறையில் பட்டையே இருக்காது. எபாக்ஸி பின்புறத்தில் மஞ்சளடித்திருக்கும். சாதாரண ஜெல்கோட்டையும் வெயில் தாங்கும் ஜெல்கோட்டையும் பிரிக்க மட்டும் இப்போதைக்கு வழி தெரியவில்லை. ஆனால் எது எது என்று தெரிந்து என்ன பயன்? நான்கும்தான் மின்னுகின்றனவே.

3 அக்டோபர், வெள்ளி

தவறு: கடைசியில் எழுதுகிறேன். நோயல் சார் மன்னிக்கட்டும்.

காலையில் பார்வதம்மா அக்கா ஈரத்துணியோடு ஒவ்வொரு பொருளாகப் பொட்டைத் துடைத்து வந்தார். மூன்று பலகைகளில் ஓர் இழுப்பில் போய்விட்டது. ஒன்றில் நின்று தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

“பாக்யா, இது பாதிதான் போவுது. இன்னாமே பலகை இது?”

போய்ப் பார்த்தேன். பொட்டின் ஒரு பாதி சுத்தமாக இல்லை. மறுபாதி இளஞ்சிவப்பாக, சுற்றிலும் மஞ்சளோடு, அரைநிலா போல அப்படியே இருந்தது. நடுவில் ரூலர் வைத்து வெட்டியதுபோல் நேர்கோடு.

அந்தக் கோடு என் அலுமினியத் தாளின் ஓரம்.

உப்புத்தாளை எடுத்து வந்தேன். அந்தப் பலகையின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தேன். தனிப் பட்டை இல்லை. பழைய முறைதான். தேய்த்தது ஒரே கை, பொடி ஒன்று, பாலிஷ் ஒன்று, குங்குமம் வைத்தது ஒரே விரல். இரண்டு பாதிக்கும் வித்தியாசம் வெயில் மட்டும்தான். மண்ணென்றால் செவ்வாய்க்கிழமையே கழுவப்பட்டுவிட்டது. வெயில் பட்ட பாதி மேலே மின்னினாலும் உள்ளே துளைதுளையாகிச் சாயத்தைக் குடித்திருக்கிறது.

ஆனால் ஒரு பொட்டு போதுமா? அக்கா அங்கே மட்டும் அழுத்தி வைத்திருந்தால்? குங்குமத் தட்டை வாங்கி எல்லாப் பலகையிலும் பாதிக்கு மூன்று வீதம் வைத்தேன். இரண்டு மணிநேரம் காத்திருந்து துடைத்தேன். பழைய முறையில் வெயில் பாதியின் மூன்றும் நின்றன. ஓரத்தைத் தேய்த்ததில் ஜெல்கோட் பட்டை தெரிந்த இரண்டில் ஒன்றில் லேசான ரோஸ் நிழல். அது சாதாரணமானதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், உறுதியில்லை. மற்ற இரண்டிலும் ஒன்றும் இல்லை.

மனோகர் அண்ணாவைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார். நகத்தால் சுரண்டினார். அவர் முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் வாய் மாறவில்லை.

“ஒரு முழப் பலகைய வெச்சிகினு கதை சொல்லாத. பலகை வேற, படகு வேற.”

“சரிணா. ஏழாம் நம்பர பாக்கலாம்.”

ஏழாம் நம்பர், ஏரியிலிருந்து ரிப்பேருக்கு வந்து ஷெட் பின்னால் நிற்கும் மிதிபடகு. போன வாரம்தான் பாலிஷ் போட்டோம். பூஜைக்கு அதன் மூக்கிலும் இரண்டு இருக்கைகளிலும் அக்கா பொட்டு வைத்திருந்தார். இன்னும் துடைக்கவில்லை.

“குடு இங்க.” துணியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். நான் துடைத்தால் நம்பமாட்டார் போலிருக்கிறது. மூக்கில் துடைத்தார். சிவப்பு பரவியதே தவிரப் போகவில்லை. இருக்கையில் துடைத்தார். போகவில்லை. துணியைப் போட்டுவிட்டு உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார்.

“தூ!” என்று கையை இழுத்துக்கொண்டார்.

“இன்னாணா?”

“குத்திச்சி.” வெளிச்சத்தில் கையைப் பிடித்தார். உள்ளங்கையில் முடியைவிட மெல்லிய இழைகள் மூன்றோ நான்கோ மின்னின. நான் போனில் இருந்த அந்த முழங்கைப் படத்தைக் காட்டவில்லை. போன வருடமே இரண்டு முறை காட்டியாகிவிட்டது.

“டேப் ஒட்டி எடுங்கணா. தேய்க்காதீங்க, உள்ள போவும்.”

டேப் ஒட்டி எடுத்துக்கொண்டே சொன்னார்: “அந்த வெயில் தாங்கறது, ஜெல்கோட்டு, பங்காருபேட்டைல கெடைக்குமா, பெங்களூர்லேந்து வரணுமா?”

“பெங்களூர்தாணா. ரெண்டு நாள் ஆவும்.”

“அப்ப திங்கக்கெழம வேணாம். புதன்கெழம ஊத்தலாம். இந்த ஏழாம் நம்பர் சீட்ட கழட்டிப் போடு. மத்த படகுங்க சீட்டையும் ஏரிலேந்து வரச் சொல்றேன்.” பத்தடி போய்த் திரும்பினார். “நான் அப்பவே நெனச்சேன், பழைய பிசின் சரியில்லன்னு.”

சீட்டைக் கழற்ற ஸ்பானரை எடுத்தேன். பல் வலிக்கிற அளவுக்குப் பல்லைக் கடித்திருந்தேன்.

“நீயா கண்டுபுடிச்ச?” என்றார் பார்வதம்மா அக்கா. “என் பொட்டுதான்மே கண்டுபுடிச்சிச்சி. உன் வாத்தியார் கிட்ட சொல்லு.”

மாலை சொன்னேன். நோயல் சார் சிரிக்கவில்லை. இரண்டு ஜெல்கோட் பலகைகளில் எது எது என்று எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். அப்படியானால் பழைய முறை கெட்டது என்பதுவரைதான் எழுதலாம், புதியது நல்லது என்று எழுத முடியாது என்றார். சரிதான். நானோ அண்ணாவைப் புதியதையே வாங்க விட்டிருக்கிறேன். வெயில் தாங்கும் என்று டின்னில் அச்சிட்டிருப்பதை நம்பி.

இதுதான் இன்றைய தவறு.

நாளை காலை எட்டு மணி: நான்கு பலகைகளின் பின்புறமும் ஆணியால் குறி கீறுவது. ஜெல்கோட் இரண்டுக்கும், எது எது என்று தெரியும்வரை, க, ச. இரண்டின் ஓரத்திலிருந்தும் சிறு துண்டு வெட்டி, மீதமிருக்கும் பழைய டின்களின் மாதிரியோடு வகுப்பு லேபில் ஒப்பிடக் கொடுப்பது. அதற்கு முன் வேறு எதையும் தொடுவதில்லை.