வீட்டுச் சைகையில் இல்லாத சொல்

...பதினான்கு, பதினான்கு, பதினான்கு என்று மனசுக்குள் உருப்போட்டுக்கொண்டே இருந்தாள், நிறுத்தினால் அந்த நம்பர் எழுந்து ஓடிவிடும் என்பதுபோல, உள்ளே இன்னும் பதினொன்றே போகவில்லை, இந்தத் தாழ்வாரத்து பெஞ்சு வேறு, உட்கார்ந்தவர் மூச்சு விட்டாலே கிறீச்சிட்டு மூன்று ஊருக்குத் தகவல் சொல்கிறது, சைகைமொழித் தேர்வுக்குக் காத்திருக்கும் இடத்தில் இப்படியொரு வாயாடி பெஞ்சைப் போட்ட புண்ணியவான் யாரோ... அறுபத்துமூன்று வயதில் பரீட்சைக்குப் போனால் முதலில் பயப்படுவது முழங்கால்தான், அப்புறம்தான் மனசுக்கு விஷயம் தெரியவருகிறது. இரண்டு பக்கமும் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள், விரல்களை மடக்கி நீட்டி ஒத்திகை, அவை விரல்களா மீன்குஞ்சுகளா, என்ன நெளிவு, இவளுடையவையோ பாதி ஆயுள் தொலைபேசி நிலையத்தில் ஒயரைப் பிடுங்கிச் செருகியே உரமேறியவை, வணக்கம் என்று காட்டினால் வட்டிக்காரன் கதவைத் தட்டுவதுபோல இருக்கிறதாம், சொன்னது பக்கத்துப் பெண். "ஆபரேட்டரம்மா, கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே காட்டுங்க, எதிர்ல இருக்கிறவங்க ஓடிடப் போறாங்க." வகுப்பு முழுக்க இவளுக்கு அந்தப் பெயர்தான். நல்ல பிள்ளைகள், இவள் பைக்குள் கண்ணாடியைத் தேடும்போதெல்லாம் தலைமேல் இருக்கு என்று ஏழு பேர் ஒரே குரலில் சொல்வார்கள். இதற்கெல்லாம் ஏன் வந்தோம்? பென்ஷன் வாங்கினோமா, டிவி முன்னால் உட்கார்ந்து குறட்டை விட்டோமா என்றில்லாமல்... சமுதாயக் கல்லூரி, சமூகப்பணியும் சைகைமொழியும், ஒரு வருஷ டிப்ளமோ, விண்ணப்பத்தில் 'ஏன் சேர விரும்புகிறீர்கள்' என்ற கட்டத்தில் 'சமூகத்துக்குத் தொண்டு செய்ய' என்று முத்து முத்தாக எழுதினாளே, அந்தப் பொய்க்குத் தாள் பற்றி எரிந்து கல்லூரியே சாம்பலாகியிருக்க வேண்டும், காகிதத்துக்கும் சூடு சொரணை இல்லாமல் போய்விட்டது.

தம்பிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. இவளைவிட ஆறு வயது இளையவன். வீட்டில் அவனோடு பேசத் தெரிந்தது இவள் ஒருத்திக்குத்தான், இருவருமாகக் கட்டிய ஒரு பாஷை, மூக்கைப் பிடித்தால் பக்கத்து வீட்டு அத்தை, கன்னத்தை உப்பினால் ஹெட்மாஸ்டர், இரண்டு விரலைக் காதில் வைத்தால் அக்கா, மொத்தம் முந்நூறு சைகை இருக்குமா, அதில் இருநூற்றைம்பது யாரையாவது கேலி செய்யத்தான். அப்பாவுக்கு ஒன்றே ஒன்று தெரியும், தரையில் காலை ஓங்கி உதைப்பது, அதிர்வு போய்த் தொட்டதும் தம்பி திரும்புவான், அவ்வளவுதான், திரும்பிய பிறகு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியாது, உடனே இவளைக் கூப்பிடுவார். "இவன்கிட்டச் சொல்லு." இவன்கிட்டச் சொல்லு, இவன்கிட்டச் சொல்லு, ஆபீசில் பத்து மணிநேரம் ஊரையெல்லாம் இணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே வேலை, இங்கே சம்பளம்கூட இல்லை... ஆஸ்பத்திரியில் கடைசி நாள் சாயங்காலம் நாலு மணிக்கும் அப்பா அதைத்தான் சொன்னார், இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, தம்பி கட்டிலின் கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான், அப்பாவுக்குக் குரல் பாதி காற்றாகத்தான் வந்தது. "இவன்கிட்டச் சொல்லும்மா. ஒரே வீட்ல இத்தன வருஷம் இருந்தும் இவனோட ஒரு வார்த்தை பேச நான் கத்துக்கல. மன்னிச்சுக்கச் சொல்லு." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இவள் காத்திருந்தாள். அடுத்தது தனக்கு என்று நினைத்தாள், உனக்கும் ஒண்ணு சொல்லணும்மா என்று வரும், வராமல் போகுமா, ஆயுள் முழுக்க அவருக்கு வாயாக இருந்தவள் இல்லையா... வரவில்லை. தம்பி இவள் முகத்தையே பார்த்தான். இவள் கைகள் எழுந்தன, அப்பா தூங்கப் போறார், நீ போய்ச் சாப்பிட்டு வா என்றன. அவன் போனான். திரும்பி வந்தபோது நர்ஸ் போர்வையை அப்பாவின் முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டிருந்தாள்.

மன்னிப்புக்கு எங்கள் பாஷையில் சைகை இல்லையே, என்ன செய்வது? இருபத்திரண்டு வருஷமாக மனசுக்குள் இருக்கும் ஜட்ஜிடம் இவள் சொல்லிவந்த பதில் இதுதான், ஜட்ஜும் தினம் தினம் வாய்தா கொடுத்துக்கொண்டே இருந்தார். உண்மையிலேயே இல்லை. இருவரும் சண்டை போட்டால் யாராவது ஒருவர் மற்றவர் முதுகில் ஒரு அடி வைப்பார், சமாதானம், அதற்குமேல் வார்த்தை தேவைப்படவில்லை. அப்படியானால் தம்பி இருபது வயதிலேயே காதுகேளாதோர் சங்கத்துக்குப் போய் முறையான சைகைமொழி கற்றுக்கொண்டு வந்து, வா, உனக்கும் சொல்லித் தர்றேன் என்றானே, யாருக்கு நேரமிருக்கு என்றது யார்? இங்கே சேர்ந்த இரண்டாம் வாரமே அந்த மன்னிப்புச் சைகை வந்துவிட்டது. சைகைமொழி ஆசிரியை சின்னப் பெண், காது கேட்காதவள், ஒரு முஷ்டியை நெஞ்சில் வைத்து வட்டமாக ஒரு தேய் தேய்த்தாள், அவ்வளவுதான், ஒரு நொடி, கறையைத் துடைக்கிற மாதிரி. வகுப்பு அடுத்ததாக 'நன்றி'க்குப் போய், 'தயவுசெய்து'வுக்குப் போய், மணியடித்துக் கலைந்தும் போனது, இவள் நெஞ்சில் முஷ்டியோடு உட்கார்ந்திருந்தாள், மாரடைப்பு என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

"பதினாலு!" ஐயோ, நானா, நான்தான்... உள்ளே இரண்டு பேர். சமூகப்பணி ஆசிரியை விடுதி வார்டனாக நடிக்கிறாள், சைகைமொழி ஆசிரியை விடுதியில் தங்கியிருக்கும் ஒருத்தியாக, நடுவில் இவள். வார்டன் பேசுவதைக் கையில் சொல்ல வேண்டும், கையில் வருவதை வாயால் சொல்ல வேண்டும். என் ஜன்னல் மூடவே மாட்டேங்குது, மழை உள்ளே வருது. சொன்னாள். ஆளை அனுப்பறேன். சொன்னாள். நேற்றும் இதையேதான் சொன்னீங்க. அதையும் சொன்னாள், கோபத்தோடு, புருவத்தைத் தூக்கி, அட, பரவாயில்லையே, விரல்கள் ஓடுகின்றன. அப்போது வார்டன் இவள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். "இது நமக்குள்ள இருக்கட்டும், அவங்களுக்குச் சொல்லிடாதீங்க. அந்த ரூமை வேற ஆளுக்குக் குடுத்தாச்சு." தெரியும். பரீட்சையில் இப்படியொரு கண்ணி வைப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அறைக்குள் பேசியது எதுவானாலும் கைக்கு வர வேண்டும், சொல்லாதே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், வருஷம் முழுக்க நானூறு தடவை கேட்ட விதி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூட ஒப்பிப்பாள். சின்னப் பெண் இவள் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வை... கைகள் எழுந்தன, யாரும் கற்றுத்தராத வீட்டுச் சைகை, உள்ளங்கையை ஊதித் தூசு பறக்கவிடுவது, ஒண்ணுமில்ல. அந்தச் சின்னப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். அவளுக்கு அந்தச் சைகை தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் புரிந்துவிட்டது, அவள் வீட்டிலும் யாரோ எதையோ ஊதியிருப்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி எழுதலாமாம். வாசலில் தம்பி குடையோடு நின்றான், ஐம்பத்தேழு வயது, ஸ்கூல் விட்ட பிள்ளையை அழைத்துப் போக வந்ததுபோல, பஸ்ஸில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டான், என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன, அவங்க மூஞ்சி எப்படிப் போச்சு, அப்புறம்? எல்லாம் சொன்னாள். ஜன்னல், மழை, வார்டன், தூசு ஊதியது வரைக்கும். அவன் சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார், தன் சத்தம் அவனுக்கு எங்கே தெரியும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுக் காட்டினான், அது ஒண்ணுதான்க்கா உனக்குப் பிறவியிலேயே வரும். கேலிதான். கேலியாகத்தான் இருக்க வேண்டும். முன் சீட்டில் ஒரு மாமியாரும் மருமகளும் ஊரே கேட்கும்படி மோதிக்கொண்டிருந்தார்கள், உடனே முழங்கையால் இடித்தான், என்ன சொல்றாங்க, சொல்லு சொல்லு. "உங்க பிள்ளைய நீங்களே வச்சுக்குங்க, எனக்கு வேணாம்" என்கிறாள் மருமகள், சொன்னாள். "வச்சுக்கத்தான் பாத்தேன், நீ விட்டியா?" சொன்னாள். அவன் கண்கள் விரிந்தன, அப்புறம், அப்புறம்? இவனுக்கு எதையும் விட மனசு வராது, நியூஸ் வாசிப்பவர் தும்மினால் தும்மலைச் சொல்ல வேண்டும், டாக்டர் சீட்டு எழுதும்போது முனகினால் முனகலைச் சொல்ல வேண்டும், பாதியில் விட்டால் தோளைப் பிடித்து உலுக்குவான், வாழ்நாள் முழுக்க உலுக்கி உலுக்கியே இவள் தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது... மருமகள் ஏதோ சொன்னாள், இவள் கை பாதியில் நின்றது. அப்பா அவ்வளவு நேரம் பேசினாரே. இவனைப் பார்த்துப் பார்த்துப் பேசினாரே, மூச்சு வாங்க, உதடு நடுங்க, அத்தனையும் பார்த்துக்கொண்டு இவன் கால்மாட்டிலேயே நின்றானே. தூங்கப் போறார் என்ற இரண்டு வார்த்தைக்கா அத்தனை நேரம் என்று இவன் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்கப்புறம் ஒரு நாளும் கேட்கவில்லை. தோளில் உலுக்கல் விழுந்தது, அப்புறம் என்ன சொன்னா, சொல்லுக்கா... ஏன் கேட்கவில்லை இவன்?