ஐந்து மணிக்கு மேல் சோதனை இல்லை

மாலை ஐந்து மணிக்கு மேல் எதையும் சோதித்துப் பார்க்காதவனே முழு மனிதன். மற்றவர்களெல்லாம் ஓவர்டைம் பார்க்கும் கருவிகள். சலவை இயந்திரக் கம்பெனியின் டெஸ்ட் இன்ஜினியர் இந்த உண்மையை அறிவித்தபோது, அவன் அக்கா கிட்டாரின் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி நிற்கும்படியும், முழு மனிதனால் வெளிச்சம் மறைகிறதென்றும் சொன்னாள்.

பகலெல்லாம் சந்தேகப்படுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். இயந்திரத்துக்குள் ஈரத் துண்டுகளைத் திணிப்பான், சுற்றும்போதே கதவைப் பிடித்து இழுப்பான், பிளக்கைப் பாதியில் பிடுங்குவான். எது கையில் கிடைத்தாலும் ஃபெயில் என்பதால் ஆபீஸில் அவன் பெயர் ஃபெயிலப்பன். பாட்டு மட்டும் வேறு விஷயம். அக்காவும் அத்தானும் நடத்தும் பாட்டுக் குழுவில் அவன்தான் பாடகன். ஒத்திகைப் பக்கம் தலைகாட்ட மாட்டான். மேடையில் அக்கா மைக்கைத் தட்டி ஒன், டூ, த்ரீ என்றால் வயிறு குலுங்கச் சிரிப்பான். வேலை செய்கிறாயா என்று மைக்கிடமே கேட்கிறாளே, அது பொய் சொன்னால் என்ன செய்வாளாம்?

அந்த வெள்ளிக்கிழமை அவனே எழுதிய பாட்டு முதன்முதலாக மேடையேற இருந்தது. அன்று பார்த்து, உள்ளே டிரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே புது மாடல் இயந்திரத்தின் கதவு வாயைப் பிளந்தது. எப்போதாவது ஒருமுறைதான், ஆனாலும் பிளந்தது. ஃபெயில் என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டினான். திங்கட்கிழமை லாரி ஏற வேண்டிய சரக்கு. மேனேஜரின் முகம் செத்துப்போயிற்று. பாஸ் என்று சொல்லாமல் வாசலைத் தாண்டினால் திரும்பி வரவே வேண்டாம் என்றார்.

அவன் தாண்டினான்.

மேனேஜர் விடுவாரா? அரங்குக்கே வந்துவிட்டார். மேடைக்குப் பின்னால் அக்கா, இன்றைக்காவது மைக்கைத் தட்டிப் பார்க்கச் சொல்லித் தொண்டை வற்றக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் போற போக்குல சரியாயிடும்க்கா," என்றான் அவன்.

மேனேஜர் அவன் தோளில் கை போட்டார். குரலில் தேன் ஒழுகியது.

"ஒரே வார்த்தைதானே தம்பி. பாஸ்னு சொல்லிடுங்க. எல்லாம் போற போக்குல சரியாயிடும்."

அக்கா கிட்டாரைப் பார்த்துச் சிரித்தாள். அவனுக்குக் காது சுட்டது.

"அந்த மெஷினை உங்க வீட்டுக்கு அனுப்பறேன் சார். அது சுத்தறப்போ கதவுல சாஞ்சுக்கிட்டு நில்லுங்க. அப்புறம் சொல்றேன்."

"வேலை போயிடும்பா."

"போகட்டும் சார். நான் இருந்தாலும் இல்லாட்டியும் அந்தக் கதவு திறக்கும்."

பாட்டு முடிவதற்குள் பையன் மனம் மாறிவிடுவான் என்ற நப்பாசையில், மேனேஜர் காலியாகக் கிடந்த கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

திரை விலகியது. அவன் பாட வாயைத் திறந்தான், மூடினான். அக்காவின் பக்கம் பார்க்காமல், ஒற்றை விரலால் மைக்கைத் தட்டினான். சத்தமே இல்லை. அத்தான் ஓடிவந்து கழன்றிருந்த வயரைச் செருகினார்.

"ஹலோ... ஒன், டூ. கடைசி வரிசைல கேக்குதா?"

கடைசி வரிசையில் இருந்தது ஒரே ஆள். அவர் இடமும் வலமும் பார்த்தார். வேறு வழியில்லாமல் கையைத் தூக்கினார்.

ஒருமுறை கேட்டது மறுமுறையும் கேட்கும் என்று என்ன நிச்சயம்? அவன் குனிந்த தலை நிமிராமல், மெதுவாக, இன்னொரு தரம் தட்டினான்.