சாவுப் பூசைப் பாட்டு

“லுச்சு இல்ல, லுக்ஸ். லுக்ஸ்னா வெளிச்சம். மறுபடி சொல்லுங்க” என்றான் குழந்தைசாமி.

தகரக் கூரை போட்ட சின்னக் கோயிலில், பாடகர் குழு அந்த லத்தீன் சொல்லைத் திரும்பச் சொன்னது. கிறிஸ்துமஸ் பூசைக்காக ஐப்பசியிலிருந்து பழகிவந்தவர்கள். சாவுப் பூசைப் பாட்டை இந்த மலையில் இதுவரை யாரும் பாடியதில்லை. ஞானஸ்நானம் வாங்கிய குடும்பங்களில் இதுதான் முதல் சாவு. உபதேசியாரான குழந்தைசாமி மட்டும் சேலத்தில் படிக்கும்போது அதைக் கற்றிருந்தான்.

வீட்டில் அவன் மனைவி அத்தாயி கிடத்தப்பட்டிருந்தாள். மலைக்காய்ச்சல். விடியும்போது தண்ணீர் கேட்டாள். அவன் சொம்போடு திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு ஆள் போயிருந்தது. மதியத்துக்குள் சாமியார் குதிரையில் மேலே வந்துவிடுவார். அதற்குள் பாட்டு வரவேண்டும்.

அவனுக்கு அழுகை வரவில்லை. சின்னுசாமிக்கு வழக்கம்போல் சுருதி இறங்குவதும், பெண்கள் வரிசைக்கு மேலே ஒரு குளவி சுற்றுவதும் தெளிவாகத் தெரிந்தன.

“ஆம்பளைக இதோட நிறுத்திக்கோணும். பொம்பளைக மேல எடுக்கோணும். அத்தாயி, நீ முன்னால எடு.”

யாரும் எடுக்கவில்லை. சின்னுசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

குழந்தைசாமி வரிசையில் அடுத்தவளைக் காட்டினான். “கண்ணாயி, நீ எடு.”

அத்தாயியின் தம்பி அர்த்தனாரி வாசலில் வந்து நின்றான். அதே மலையிலுள்ள பெரக்கரை நாட்டிலிருந்து தாயோடு நடந்து வந்தவன். ஞானஸ்நானம் வாங்காதவன், உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

“ஏனுங்க மாமா, பொணத்த ஊட்ல போட்டுட்டு இங்க பாடிட்டு நிக்கறீங்க?”

“அவளுக்குத்தான் மாப்ள.”

“பலாப் பலகைல பொட்டி அடிச்சாச்சுங்க. அம்மா ஒப்பாரி வெக்கோணும்ங்குது. கூடாதுங்கறாங்களாமா?”

“கோயில்ல கூடாதுன்னு சாமியார் சொல்லியிருக்காரு. பொதைச்சப்பறம் அழுவட்டும்.”

அர்த்தனாரி “சரிங்க” என்று இறங்கிப் போனான்.

குழந்தைசாமி குழுவின் பக்கம் திரும்பினான். “மொதல்ல இருந்து.”

சாமியார் வந்து வைத்த பூசையில் பாட்டுகள் எங்கும் சறுக்கவில்லை. அவன் ஒவ்வொரு அடியையும் கையால் காட்டிக்கொண்டே வந்தான். பீடத்தின் முன் பெட்டி இருந்தது. மாமியார் பெருமாயி வாசற்படியைத் தாண்டாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

சாமியார் பெட்டியருகே வந்து கடைசிச் செபத்தைச் சொன்னார். லத்தீனுக்கு நடுவே ‘தெரேசா’ என்று ஒரு பெயர் வந்தது.

“தெரேசா யாருடா?” பெருமாயி மகனிடம் கேட்டாள்.

“நம்ம அக்காதாம்மா. வேதத்துல சேந்தப்ப வெச்ச பேரு.”

பெருமாயி பெட்டியைப் பார்த்தாள். பிறகு, “அத்தாயீ…” என்று ஒப்பாரியை எடுத்தாள்.

கோயில் முழுக்க அந்தக் குரல் நிறைந்தது. அடுத்தது, பெட்டியைத் தூக்கும்போது பாடவேண்டிய பாட்டு. தூக்குகிறவர்கள் குனிந்துவிட்டார்கள். குழந்தைசாமி கையை உயர்த்தினான். இறக்கினால் எல்லோரும் பாடத் தொடங்கிவிடுவார்கள்.

“உபதேசியாரே, பாடச் சொல்லுங்க” என்றார் சாமியார், தாழ்ந்த குரலில்.

சின்னப் பிள்ளையாக இருந்த அத்தாயி சாமைக் காட்டுக்குள் போய்த் தூங்கிவிட்டதையும், ஊரே தேடியதையும் பெருமாயி இழுத்து இழுத்துச் சொன்னாள். ஒரு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். பாடகர்கள் அவன் கையையே பார்த்தார்கள்.

கை இறங்கவில்லை. பெருமாயி அடுத்த அடியை எடுத்தாள்.