இடது ஷூக்களில் பதினான்கு கிலோமீட்டர்

பூமி குலுங்கிய மறுநாள் காலை ஏழு மணிக்கு ஷூ கம்பெனியின் முன்வாசல் வழியாக வீட்டுக்குக் கிளம்பிய நாற்பத்தாறு பேரும், நாள் முழுக்க நேராகவே நடந்து, மாலை ஐந்தரைக்கு அதே கம்பெனியின் பின்வாசலில் வந்து சேர்ந்தார்கள். வழியில் யாரும் திரும்பவில்லை. முதலில் அது தங்கள் கம்பெனி என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. தங்களுடையதைப் போலவே இன்னொரு கம்பெனி, அதே பச்சைப் பெயின்ட், அதே விரிசல் விட்ட தண்ணீர்த் தொட்டி, ஆட்களின் முகஜாடைகூட நம் ஆட்களைப் போலவே இருக்கிறதே என்று வியந்து, வாசலில் நின்றவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். வாட்ச்மேன் தண்ணீர் கொடுத்துவிட்டு, காலையில் அவர்கள் வாங்கிப்போன பாட்டில்களைத் திருப்பிக் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது.

அந்தக் கம்பெனியில் இடது கால் ஷூ மட்டும்தான் தயாரானது. வலது கால் ஷூவை அதே முதலாளியின் இன்னொரு கம்பெனி கடலுக்கு அப்பால் தயாரித்தது. இரண்டும் வேறொரு துறைமுகத்தில் ஜோடி சேர்ந்து, ஒரே பெட்டிக்குள் போகும். ஒற்றைக் கால் ஷூவை யாரும் திருடமாட்டார்கள் என்பது முதலாளியின் கணிப்பு. பத்தொன்பது வருடங்களில் ஒன்றுகூடத் திருடு போகவில்லை. தோலில் கீறல் விழக்கூடாது என்பதால் வேலைக்கு வருகிறவர்கள் சொந்தச் செருப்பை வாசலறையில் கழற்றி வைத்துவிட்டு, துணிச்செருப்போடுதான் உள்ளே போகவேண்டும். முதல் குலுக்கலிலேயே விழுந்தது அந்த வாசலறைதான். நல்லவேளையாக உள்ளே ஆள் இல்லை. ஐந்நூறு ஜோடிச் செருப்புகள் மட்டும் கூரைக்கு அடியில் போயின. வெளியே நகரத்தின் உயரமான கட்டிடங்கள் எல்லாம் கண்ணாடி போர்த்தியவை. அந்தக் கண்ணாடிகள் உதிர்ந்து தெருக்களில் கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தன. பஸ் இல்லை, போன் இல்லை, மின்சாரம் இல்லை. கம்பெனியில் இருந்தவை பதினோராயிரம் புத்தம்புது ஷூக்கள், அத்தனையும் இடது.

இடது ஷூவின் மூக்கு வலப்பக்கம் லேசாக வளைந்திருக்கும். இரண்டு காலிலும் இடதையே மாட்டிக்கொண்டு நடந்தால், அந்த வளைவு ஆளை அடிக்கு அடி மயிரிழை அளவு வலப்பக்கம் இழுத்துக்கொண்டே போனது. நடக்கிறவருக்கு அது தெரியாது. தூரத்துக் கோபுரத்தைப் பார்த்து நடந்தாலும், சூரியனை வைத்து நடந்தாலும், தெருவே வளைந்து கொடுத்ததே தவிர ஷூ வளைந்து கொடுக்கவில்லை. பத்து மணி நேரத்தில் ஒரு முழு வட்டம். இதில் ஒருவருக்கும் விலக்கு இருக்கவில்லை.

அந்த நாற்பத்தாறு பேரில் செக்கிங் அக்காவும் ஒருத்தி. தைத்து வந்த ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்து, மேஜைமேல் வைத்துத் திருப்பிப் பார்த்து, தேறியதையும் தேறாததையும் பிரிப்பது அவள் வேலை. கம்பெனி திறந்த நாளிலிருந்து இருக்கிறாள். அதிகம் பேசமாட்டாள். மத்தியான இடைவேளையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எதையாவது படித்துக்கொண்டிருப்பாள், அல்லது படிப்பதுபோல் இருப்பாள். அவள் வீடு பதினான்கு கிலோமீட்டர் தள்ளி, ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருந்தது. வீட்டில் அவள் புருஷன் இருந்தார், இடுப்பிலிருந்து வலது பாதம் வரைக்கும் மாவுக்கட்டோடு. அவர் வெல்டர். மூன்று வாரத்துக்கு முன்பு சாரத்திலிருந்து விழுந்தவர்.

வேறு யாருக்கும் இல்லாத ஒரு சங்கடம் அவளுக்கு இருந்தது. குலுங்கிய அன்று காலை இருவருக்கும் சண்டை. வலியிலும் சலிப்பிலும் இருந்த மனுஷன், காப்பி ஆறிப்போனதில் ஆரம்பித்து அவள் வேலைக்கு வந்து, “ஒத்தைச் செருப்புக் கம்பெனிக்கு ஓடுற ஓட்டத்தைப் பாரு” என்று சொல்லிவிட்டார். “இனிமே இந்த வீட்டுப் படி ஏறினா என்னை ஏன்னு கேளுங்க” என்று அவள் வெளியே வந்து கிரில் கதவை அறைந்து, தினமும் செய்கிற பழக்கத்தில் பூட்டையும் போட்டுவிட்டாள். அவர் சாவி ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு அவள் பையிலேயே கிடந்தது. ஆக இரண்டு சாவியும் அவளிடம். அந்த கிரில் கதவோ அவரே செய்தது. எவனாலும் அறுக்க முடியாது என்று மார்தட்டி, கம்பிக்குக் கம்பி இரட்டை வெல்டிங் வைத்த கதவு. உள்ளே ஒரு டிரம் தண்ணீர் இருந்தது. இறுக்கிப் பிடித்தால் பன்னிரண்டு நாள் வரும் என்று அவள் கணக்குப் போட்டாள். பசி, தாகம் இரண்டையும் விட அவளை அரித்தது வேறு. தான் வராத ஒவ்வொரு நாளும், சொன்னபடியே செய்துவிட்டாள் என்றுதான் அந்த மனுஷன் நினைத்துக்கொண்டிருப்பார்.

கேன்டீன் சுவரில் ‘பேரிடர் நேரத்தில் கால்நடையாக வீடு திரும்ப’ என்ற பலகை ஐந்து வருடங்களாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர், டார்ச், விசில், மருந்துச்சீட்டு, உறுதியான காலணி என்று வரிசையாக எழுதியிருக்கும். மேனேஜருக்கு அதில் தனிப் பெருமை. தினமும் மாலை எல்லோரையும் உட்காரவைத்துப் பலகையை முதலிலிருந்து படித்தார். காலணி என்ற இடத்துக்கு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். இரண்டாம் நாள் குழு பிரித்தார். மூன்றாம் நாள் குழுவுக்கு ஒரு தலைவர் போட்டார். நான்காம் நாள் தலைவர்களுக்கு விசில் கொடுத்தார். எட்டு தலைவர்கள் எட்டு விசிலோடு கிளம்பி, மாலை ஐந்தரைக்குப் பின்வாசலில் வந்து விசில் ஊதினார்கள். வாட்ச்மேன் இதற்குள் பழகிப்போய், ஐந்து மணிக்கே பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டு, “வாங்க வாங்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று விசாரிக்க ஆரம்பித்தார். ஒருநாள் யாரோ அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

துணிச்செருப்போடு போனவர்கள் இரண்டு தெரு தாண்டவில்லை. ரத்தம் சொட்டத் தூக்கிக்கொண்டு வரப்பட்டார்கள். இடது காலில் ஷூ, வலது காலில் சாக்கு என்று சுற்றிக்கொண்டு போனவர் கதியும் அதேதான். கட்டிங் மாஸ்டர் அந்த வட்டாரத்திலேயே கைராசிக்காரர். அவர் ஒரு ஷூவைப் பிரித்துப் போட்டு, தோலை மாற்றி வெட்டி, ராத்திரி பகலாக உட்கார்ந்து வலது ஷூ ஒன்று தைத்தார். பார்க்க அசல் வலது. விடிந்து பார்த்தால் அது மூக்கைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் இடதாக இருந்தது. இன்னொன்று தைத்தார். அதுவும் திரும்பியது. மூன்றாவதை மேஜையோடு ஆணி அடித்து வைத்தார். அது மேஜையையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு திரும்பியிருந்தது. பத்தொன்பது வருஷம் இடதையே பார்த்த தோல், ஊசி, கை எல்லாம் சேர்ந்து தன்னை ஏமாற்றுகின்றன என்று மாஸ்டர் கத்தரிக்கோலை வீசிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

செக்கிங் அக்கா ஆறு முறை கிளம்பி ஆறு முறை திரும்பி வந்தாள். ஒவ்வொரு முறையும் பையைப் புதிதாகக் கட்டினாள். பாட்டிலை ஒன்றிலிருந்து இரண்டாக்கினாள், பிறகு ஒன்றாக்கினாள். பாதத்துக்குப் பஞ்சு வைத்தாள், எடுத்தாள். கட்டக் கட்ட ஆத்திரம்தான் வந்தது. மூன்றாம் முறை ஒரு கட்டத்தில் தன் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி தூரத்தில் தெரிவதைக் கண்ணால் பார்த்தாள். அதை நோக்கித்தான் நடந்தாள். தொட்டி மெல்ல மெல்ல இடப்பக்கம் நகர்ந்து, தோளுக்குப் பின்னால் போய் மறைந்தது. அவள் நடுத்தெருவில் நின்று தன் கால்களைத் திட்டிய திட்டு அவளுக்கே புதிதாக இருந்தது. அன்றிலிருந்து மேனேஜரின் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஆறாவது முறைக்குப் பிறகு கிளம்புவதையும் விட்டு, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, யார் கேட்டாலும் பதில் சொல்லாமல், நாள்களை எண்ணினாள். எட்டு போய்விட்டது.

ஒன்பதாம் நாள் காலை, கை சும்மா இருக்க முடியாமல், கிடந்த ஷூக்களைச் சோதிக்க ஆரம்பித்தாள். அவள் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. குதிகால் தன் பக்கம் இருக்கும்படி வைத்து ஒரு பார்வை. அப்படியே அரை வட்டம் திருப்பி, மூக்கு தன் பக்கம் இருக்க இன்னொரு பார்வை. லட்சக்கணக்கான ஷூக்களை அப்படிப் பார்த்தவள். முதல் பார்வையில் வளைவு வலப்பக்கம் போகும், இரண்டாவது பார்வையில் அதே வளைவு இடப்பக்கம் போகும். நாற்பதாவது ஷூவையோ ஐம்பதாவதையோ திருப்பும்போது அவள் கை அந்தரத்தில் நின்றது. பிறகு எழுந்து, இரண்டு இடது ஷூக்களை மாட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போய், சுண்ணாம்பால் நீளமாக ஒரு நேர்க்கோடு இழுத்து, நூறு அடி முன்னால் பார்த்து நடந்தாள். நின்றாள். உடம்பைத் திருப்பிக்கொண்டு, அதே திசையில் நூறு அடி பின்பக்கமாக நடந்தாள். முன்னடை வலப்பக்கம் தள்ளியதைப் பின்னடை இடப்பக்கம் தள்ளிச் சரிசெய்தது. முற்றத்தின் அந்தப் பக்கச் சுவரில் முதுகு முட்டியபோது அவள் சரியாகக் கோட்டின்மேல் நின்றாள்.

மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, பின்பக்கமாக நடப்பது பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லையே என்றார். விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டால் யார் பொறுப்பு, ஒரு நாள் பொறுங்கள், இதற்கென்று ஒரு குழு போட்டு ஆராயலாம் என்றார். இத்தனை நாளாக யாருக்கும் பதில் சொல்லாதவள் அப்போது வாயைத் திறந்தாள்.

“சார், நீங்க குழு போடுங்க. நான் போயிட்டு வந்து அதுல சேர்ந்துக்கிறேன்.”

கட்டிங் மாஸ்டர் படுத்த இடத்திலிருந்து எழுந்து, “ஏம்மா, எண்ணிக்கை தப்பினா?” என்று கேட்டார். தப்பினால் மறுபடியும் வாட்ச்மேன் முகத்தில்தான் விழிக்கவேண்டும் என்றாள். மாஸ்டரும் ஷூ தேட ஆரம்பித்தார். மொத்தம் முப்பத்திரண்டு பேர் கிளம்பினார்கள்.

நூறு முன்னால், நூறு பின்னால். பாதித் தூரம் வீட்டை நோக்கி முகம், பாதித் தூரம் கம்பெனியை நோக்கி முகம். பின்னால் நடக்கும்போது கண்ணாடித் தூள் எங்கே ஆழம், எங்கே மேடு என்று தெரியாது. எதிர்முகமாக வருகிறவர் கையசைத்துக் காட்டவேண்டும். அதனால் இருவர் இருவராகச் சேர்ந்துகொண்டார்கள், ஒருவர் முன்னடையில் இருக்கும்போது மற்றவர் பின்னடையில், நூறு முடிந்ததும் இடம் மாற்றிக்கொண்டு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி ஊரைக் கடந்தார்கள். பேசினால் எண்ணிக்கை தப்பும் என்பதால் யாரும் பேசவில்லை. செக்கிங் அக்காவுக்கு அது வசதியாக இருந்தது. அவளுக்கு ஜோடியாக வந்த மாஸ்டர் இரண்டு முறை தும்மி எண்ணிக்கையைத் தவறவிட்டார். இரண்டு முறையும் ஒரே தெருவுக்குள் போய்ச் சிக்கி, ஒரே சலூன் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்கள். அவளுக்கு அழுகை வந்தது, எண்ணிக்கை தப்பும் என்று அழவில்லை. பள்ளிக்கூடத் திடல் ஒன்றில் இரண்டு இரவு படுத்தார்கள். மாஸ்டர் பதினோராம் நாள் மதியம் தன் தெருவில் பிரிந்துகொண்டு, வீடு வரைக்கும் வாயசைத்தபடியே போனார்.

அவள் குடியிருப்பு விழவில்லை. படிக்கட்டு தானே வளைந்து வளைந்துதான் ஏறியது என்பதால் ஷூ அங்கே சண்டை போடவில்லை. மூன்றாவது மாடியில் நீள வராந்தா, அதன் கடைசிக் கதவு அவளுடையது. வராந்தாவிலும் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கிக் கிடந்தன. அங்கே வந்து நின்றபோது முன்னடை முடிந்திருந்தது. அவள் திரும்பிக்கொண்டு, தன் வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி நடக்க ஆரம்பித்தாள்.

வெல்டர் கிரில் கதவுக்கு உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் டிரம்மில் ஒரு சாண்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரும்பு ரம்பத்தால் பூட்டையும் கம்பியையும் ஐந்து நாள் அறுத்துப் பார்த்து, அவர் வேலையைப் பாராட்டிவிட்டுத் தங்கள் சொந்தக்காரர்களைத் தேடிப் போயிருந்தார்கள். பதினோரு நாளும் அவர் அந்த வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது தன் பெண்டாட்டியின் முதுகு தெரிந்தது. அவள் முகம் படிக்கட்டைப் பார்த்திருந்தது, கால் வெளியே போகிறவளைப் போல் எட்டு வைத்தது, ஆனால் முதுகு மட்டும் கிட்டே வந்துகொண்டிருந்தது. அவர் கண்ணைக் கசக்கிப் பார்த்தார். காய்ந்த தொண்டையிலிருந்து குரல் வர நேரமாயிற்று.

“ஏய். நீ போறியா, வர்றியா?”

அவள் திரும்பவில்லை.

“பேசாம இருங்க. எண்ணிக்கிட்டு இருக்கேன்.”

அவர் பேசாமல் இருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் சொல்லி அவர் பேசாமல் இருந்தது அதுவே முதல் முறை. பதினேழு அடி மிச்சம் இருந்தது. அதையும் அவர் உள்ளிருந்து மனதுக்குள் எண்ணினார். அவள் முதுகு கிரில் கம்பியில் முட்டி நின்றது. எண்பத்தெட்டுதான் ஆகியிருந்தது. மீதிப் பன்னிரண்டை அவள் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்து முடித்தாள். பிறகு பையில் கையை விட்டு, இரண்டு சாவிகளையும் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள். அவர் கதவைப் பிடித்து எழுந்து வாங்கி, கம்பிக்கு வெளியே கையை வளைத்துப் பூட்டைத் திறந்தார்.