டில்டா இறங்கும்வரை நின்ற சுரம்

"கூட்டிக்கிட்டுப் போனா அவளும் எந்தம்பி மாதிரியே—"

"நாங்க போறோம் அண்ணி. ஆறு வயசுப் புள்ள ஒரு பாட்டு முழுசா கேட்டதில்ல. அவ வகுப்புல எல்லாரும் கிறிஸ்துமஸ் பாலே நாட்டியம் பாத்தாச்சு, இவ மட்டும்—"

"பாக்கட்டுமே, யாரு வேணாங்கிறா? காதுல பஞ்ச வெச்சுக்கிட்டுப் பாக்கட்டும்!"

"பஞ்ச வெச்சுட்டா அது பாலேயா? ஊமைக்கூத்து!"

அமெரிக்காவின் ஏரிக்கரை ஊரான டுலூத்தில் மார்லிஸும் அவள் கணவனின் அக்கா வெர்னாவும் அந்த டிசம்பர் முழுக்க இதையே பேசினார்கள். இசை கேட்டால் மார்லிஸின் மகள் டில்டா காற்றில் மிதப்பாள். அப்பன் ஓரின் வழியில் வந்தது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஜூலை ஊர்வலத்தின் பேண்டு வாத்தியத்துக்கு ஓரின் வங்கிக் கட்டடத்துக்கும் மேலே போய்விட்டான். மழை வந்ததென்று வாத்தியக்காரர்கள் சட்டென நிறுத்தினார்கள். விழுந்தவன் அத்தோடு சரி. அன்றிலிருந்து அந்த வீட்டில் ரேடியோ இல்லை. தேவாலயத்துக்குப் பாட்டு முடிந்த பிறகே போவார்கள். டில்டாவின் பனிப் பூட்ஸுக்குள், ஏரி மீன் பிடிக்கும் ஈயக் குண்டுகளை வெர்னாவே வைத்துத் தைத்தாள்.

கடைசியில் ஈயத்தை இரட்டிப்பாக்கி மூவரும் போனார்கள். அரங்க வாசலில் எல்லாரும் ஈர பூட்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பையில் கொண்டுவந்த மெல்லிய செருப்புகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பிறந்தது முதல் ஒவ்வொரு குளிர்காலமும் மார்லிஸ் செய்துவந்த காரியம் அது. அவள் கை தானாகவே டில்டாவின் பூட்ஸையும் கழற்றிக் கொடுத்துவிட்டது.

முதல் வயலினுக்கே பிள்ளை நாற்காலியிலிருந்து நாலு அங்குலம் எழும்பினாள். ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். மேடையில் காகிதப் பனி கொட்டத் தொடங்கியதும் வெர்னாவின் கையில் பிள்ளையின் வெள்ளைக் கையுறை மட்டும் மிஞ்சியது. மறு கையைப் பிள்ளையே அம்மாவிடமிருந்து உருவிக்கொண்டாள். டில்டா சரவிளக்குக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"நல்லதாப் போச்சு, இப்பத்தான் மேடை தெரியுது," என்றார் பின்வரிசைக்காரர்.

அந்தக் காட்சி முடிய இரண்டு நிமிடம் இருந்தது. வெர்னா எழுந்து நின்றாள்.

"ஏய் ஹால்வர்சன்! வாத்தியத்த நிறுத்தினே, உன்ன உசுரோட விடமாட்டேன்!"

இசை நடத்துனர் ஹால்வர்சன் மேலே பார்த்தார். கடைசிச் சுரத்தில் அவர் கை இறங்கவில்லை. புல்லாங்குழல்காரர்கள் முறைவைத்து மூச்சு வாங்கினார்கள். ஆடுகிறவர்கள் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். காகிதம் தீர்ந்துபோய், கூட்டி வைத்த பழைய பனியை மேடைக்கு மேலிருந்த ஆட்கள் கொண்டை ஊசிகளோடு சேர்த்துக் கொட்டினார்கள். பதினொரு நிமிடம் அந்த ஒரே சுரம் நூலாக இளைத்துக்கொண்டே போனது. டில்டாவும் அடியடியாக இறங்கி வெர்னாவின் மடியில் உட்கார்ந்தாள். அதன்பிறகு எழுந்த கைதட்டலில் ஏரியில் பனிக்கட்டி விரிசல் விட்டது.

"அத்தை, இன்னொரு தடவ!" என்றாள் டில்டா.

அடுத்த ஆண்டு, ஊரில் அதுவரை மறைத்து வளர்க்கப்பட்ட, இவளைப்போல் மிதக்கும் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். ஐந்தாம் ஆண்டு இருபத்தாறு பேர். சரவிளக்கை ஓரமாக நகர்த்தினார்கள். மினியாபோலிஸ் பத்திரிகை, அந்தக் கடைசிச் சுரம் கொஞ்சம் நீளம் என்று மட்டும் குறைப்பட்டது.

ஏழாம் ஆண்டு டிக்கெட் வாங்க வெர்னா தனியாகப் போனாள். ஜன்னலுக்குள் இருந்த பெண் தலைநிமிராமல் எழுதினாள்.

"மார்லிஸுக்குக் கீழ ஒண்ணு, டில்டாவுக்கு மேல ஒண்ணு. உங்களுக்கு எங்க போடட்டும்மா, கீழயா மேலயா?"