தராசுக்காரர் போட்ட தரை

தளம் சமமா என்று காட்டும் ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் நிற்க வேண்டும். மயிரிழை நகர்ந்தாலும் தராசுக்காரருக்குத் தூக்கம் வராது. கடைகடையாகப் போய்த் தராசு பழுதுபார்த்தே தலை நரைத்த மனிதர். அவர் கை பட்ட தட்டு ஒரு பக்கம் இழுத்தது என்று எவனாவது சொல்லிவிட முடியுமா? அந்தத் திமிரோடுதான் வீட்டுப் பின்புறம் பேவர் கல் பதிக்க இறங்கினார்.

ஆசைக்காக இல்லை. போன மழையில் கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போன மனைவி, சேற்றில் வழுக்கி விழுந்துவிட்டாள். விஷயம் வெளியூரில் இருக்கும் மகள் காதுக்குப் போயிற்று.

"போதும்ப்பா. வீட்டை வித்துட்டு என் பக்கத்துல வந்துடுங்க. நான் ஃபிளாட் பாக்கறேன்."

"பின்பக்கம் நல்லா தரை போட்டுட்டா?" என்று போனில் கெஞ்சினார் இவர்.

"வந்து பாக்கறேன். தண்ணி நின்னு வழுக்குச்சுன்னா அப்புறம் பேச்சே கிடையாது."

மண்ணை வெட்டினார், ஜல்லி கொட்டி இடித்தார், மணலைப் பரப்பிச் சட்டத்தால் இழுத்தார். மனைவி சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள்.

"என்னங்க, தண்ணி ஓட வாட்டம் வேண்டாமா? கொஞ்சம் சாய்ச்சுப் போடுங்களேன்."

"சாய்ச்சா? என் ஆயுசுல எதையும் நான் சாய்ச்சு வச்சதில்ல!"

"மத்தியானம் சாப்பிட்டதும் நீங்க சாயறீங்களே, அது என்ன கணக்காம்?"

அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கல்லையும் ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி, குமிழியை நடுவில் நிறுத்தினார். கடைசிக் கல்லையும் போட்டு முடித்தபோது தரை கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது.

மறுநாளே கொட்டியது மழை. தண்ணீருக்கு எந்தப் பக்கம் போவதென்றே தெரியவில்லை. அப்படியே குளம் கட்டி, சமையலறைப் படிவரை வந்துவிட்டது.

"கப்பல் விடலாம் போலிருக்கு" என்றாள் மனைவி.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்தக் கப்பல் என்ற சொல் மனசை விட்டுப் போகவும் இல்லை. இதே படியில்தான் சின்ன வயதில் மகள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு உட்காருவாள். காகிதக் கப்பலைத் தண்ணீரில் விட்டால் அது ஆடி அசைந்து, பின்மூலையில் இருந்த எலுமிச்சை மரத்தடியில் போய் நிற்கும். "துறைமுகம் வந்தாச்சு!" என்று அவள் போடும் கத்தலில் அக்கம்பக்கமே எட்டிப் பார்க்கும். வேலை முடிந்து எடைக்கல் பையோடு நனைந்து வரும் இவரும், தலையைக்கூடத் துவட்டாமல் கப்பலோடு கூடவே நடப்பார். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

யாரும் போடாமலே இந்த மண்ணுக்கு வாட்டம் இருந்திருக்கிறது. அதை மெனக்கெட்டு வெட்டிச் சமமாக்கியது யார்? இவரேதான். தன்மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அத்தனை கல்லையும் பெயர்த்தார். படியருகே உயரமும் எலுமிச்சை மரத்தடியில் தாழ்வுமாக நூல் கட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தார். குமிழி ஒரு பக்கமாக ஒதுங்கியதைப் பார்க்கச் சகிக்காமல் ரசமட்டத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

கடைசி வரிசையைப் போட்டுக்கொண்டிருக்கும்போது மகள் வந்து நின்றாள். ஊர் வந்து சேர்ந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. மனைவி படியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தாள். அது மெல்ல நகர ஆரம்பித்தது.

"பேப்பர் ஏதாவது இருக்காம்மா?" என்றார் அவர்.

மகள் பையைத் துழாவினாள். கிடைத்தது ஃபிளாட்டின் கலர் படம் போட்ட தாள் ஒன்றுதான். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். மடிப்பு ஒன்றுகூட அவளுக்கு மறக்கவில்லை.

கப்பல் பாதி தூரம் போய்த் தட்டி நின்றது.

"அந்தக் கல்லு தூக்கியிருக்குப்பா. சுத்தியலைக் குடுங்க."

அவளே குனிந்து தட்டி இறக்கினாள். மனைவி இன்னொரு வாளி ஊற்றினாள். கப்பல் கிளம்பி, அசைந்து அசைந்து எலுமிச்சை மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த முறை யாரும் கத்தவில்லை.

"ஏதோ ஃபிளாட் படம் காட்டறேன்னியே, எங்கடி?" என்றாள் அம்மா.

"நனைஞ்சு போச்சும்மா" என்று சொல்லிவிட்டு, மகள் அடுத்த கல்லைத் தட்டிப் பார்த்தாள்.