அழக் கூடாத பத்து நாள்

பூவம்மாவின் வலக்கண்ணைச் சர்க்கரை வியாதி முன்பே கொண்டுபோய்விட்டது. இப்போது இடக்கண்ணிலும் வேண்டாத ரத்தக் குழாய்கள் முளைத்து, நீர் வடியும் வழியை அடைத்து, அழுத்தம் ஏறிவிட்டது. ஆபரேஷனுக்குப் பயந்தவளைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தவர் அவள் புருஷன்தான். டாக்டர் சின்னத் துவாரம் போட்டு நீரை வடியவிட்டார். அந்தக் குழாய்கள் மிக மெல்லியவை. இருமினாலும் அழுதாலும் உடைந்து ரத்தம் கட்டும், அப்புறம் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான் என்று மகன் வடிவேலுவிடம் இங்கிலீஷில் கண்டித்துச் சொன்னார். அவன் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னான். இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டு, பத்து நாள் அசையாமல் படுக்க வைத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை, கெர்பாவ் ரோட்டு வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்த அப்பா அப்படியே சாய்ந்தார். மாரடைப்பு. எமனுக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று வடிவேலு எல்லார் வாயையும் அடைத்தான். மொட்டை போடாமல் கொள்ளி வைக்கலாமா என்று பெரியப்பாவிடம் கேட்டும் பார்த்தான். அவர் பார்த்த பார்வையில் பேசாமல் தலையைக் கொடுத்தான். மறுநாள் மாலை, எரிகிற தலையில் சந்தனம் பூசிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

அவன் வந்ததும் தலையைத் தடவிப் பார்ப்பது அம்மாவின் வழக்கம். அன்றும் கை நீண்டது. சளி பிடித்திருக்கிறது, கிட்டே வரக் கூடாதாம் என்று கால்மாட்டிலேயே நின்றுகொண்டான். அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஓவர்டைம் என்றும் புளுகினான். கை சற்று நேரம் அந்தரத்தில் இருந்துவிட்டு இறங்கியது. அதற்குப் பிறகு அவள் கை நீட்டவும் இல்லை, அப்பாவைப் பற்றிக் கேட்கவும் இல்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டான், பாவி.

பத்தாம் நாள், கூட்டாளி இப்ராஹீமின் தொப்பியை இரவல் வாங்கிக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு போனான். கட்டு அவிழ்ந்தது. டாக்டர் விரல்களை நீட்டினார். மூன்று என்றாள் அம்மா. டாக்டர் சிரித்துவிட்டார்.

அம்மா மகனையே பார்த்தாள்.

"தொப்பிய எடுத்துடுய்யா."

அவன் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அன்னைக்கே சந்தனம் மணந்துச்சு. தலையையும் தொட விடல. உங்கப்பா என்னைப் பார்க்க வராம இருக்கிற ஆளா?"

ஆறு நாள். எல்லாம் தெரிந்தே, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். வடிவேலு தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தான். முள்முள்ளாய் முளைத்திருந்த தலையை அவள் மெல்லத் தடவினாள்.

"அவரு ஆசைப்பட்ட கண்ணு. காப்பாத்திட்டேன். எப்ப அழலாம்னு டாக்டர்கிட்ட கேளு."

அதை வடிவேலுதான் இங்கிலீஷில் கேட்க வேண்டும். அவனால் முடியவில்லை.